முட்டை தின்ற கோழியும் பழி சுமந்த பெண்ணும்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே! அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் கோழி வளர்ப்போர் சங்கத்துப் பெரியவர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடி வந்திருக்கும் அன்னையரே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தம்பிமாரே, தங்கைமாரே! அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கம்.

தான் இட்ட முட்டையைத் தானே தின்னும் கோழியைத் தடுப்பது எப்படி? இதைப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தவறில்லை. ஆனால் அப்படி ஒரு கோழி என் பிறந்த வீட்டில் மூட்டிய தீயைக் கண்டவள் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு இரண்டு அண்ணன்கள். வீடு இரண்டு, கொல்லை ஒன்று. பெரிய அண்ணி தையல்காரி. சின்ன அண்ணி மதியத்துக்கு மேல் ரொட்டிக்கடையில் மாவு பிசையப் போகிறவர். லாரி ஓட்டும் பெரிய அண்ணன், விபத்தில் தொடையெலும்பு முறிந்து படுத்துவிட்டார். "உடம்புல சத்தே இல்லம்மா, தினமும் முட்டை குடுங்க" என்றார் டாக்டர். கொல்லையில் ஐந்து கோழி இருக்கக் கவலை எதற்கு?

கோழி கொக்கரிக்கும்; பெரிய அண்ணி ஓடுவார்; கூடு காலி! மறுநாளும் கொக்கரிக்கும், மறுநாளும் காலி! ஓடு இல்லை, ஒரு சொட்டு மஞ்சள் இல்லை. பாம்பா? கீரியா? வேலியில் ஓட்டை இல்லையே! அப்படியானால் யார்?

கோழிக்கூட்டைத் தாண்டி வேலைக்குப் போகிறவர் சின்ன அண்ணி. போகும் இடமோ ரொட்டிக்கடை. சந்தேகம் என்று வந்துவிட்டால் சாட்சியா கேட்கும்? தெருக்குழாயடியில், நாலு பேர் நடுவில், பெரிய அண்ணி வாயைத் திறந்துவிட்டார்.

"உங்க கடை கேக்குக்கு முட்டை எங்கிருந்து வருதுன்னு இப்பத்தான் புரியுது. படுத்துக் கிடக்கிற மனுஷன் வாய்க்குப் போறதைக்கூடவா எடுப்பே?"

சின்ன அண்ணி குடத்தைக் கீழே வைத்தார். "அக்கா..." என்றார். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து அவர் கொல்லைப் பக்கமே வரவில்லை. கொட்டும் மழையிலும் தெருவைச் சுற்றித்தான் வேலைக்குப் போனார். அண்ணிகள் பேச்சு நின்றது. அதோடு அண்ணன் தம்பி பேச்சும் நின்றது. சின்ன அண்ணி கொல்லையில் கால் வைக்காத அந்த நாட்களிலும் கூடு காலியாகத்தான் கிடந்தது. ஆத்திரத்தில் இருந்தவருக்கு அது கண்ணில் பட்டதா? படவில்லை.

பட்டது, படுக்கையில் கிடந்தவருக்கு! பெரிய அண்ணன் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னார். ஒருநாள் மதியம் தாண்டிக் கத்தினார்: "சீக்கிரம் வா! உன் திருடி அகப்பட்டுட்டா!"

அண்ணி ஓடிப்போய்ப் பார்த்தார். கறுப்புக்கோழி எழுந்தது, திரும்பியது, தன் முட்டையைத் தானே ஒரு கொத்து! மற்ற நான்கும் பாய்ந்து வந்தன. ஓடுகூட மிஞ்சவில்லை. அலகுகளில் மட்டும் மஞ்சள்.

அண்ணி சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். அண்ணன் தடுத்தார்: "கத்தியக் கீழ வை. கோழிய அறுத்துடலாம். நீ சொன்ன சொல்லை எதால அறுப்பே?"

கத்தி கீழே விழுந்தது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல், பெரிய அண்ணி நேராக ரொட்டிக்கடைக்கு நடந்தார். வாங்க வந்தவர்கள் வரிசையில் நிற்க, உரக்கச் சொன்னார்: "தெருவுல வச்சுத்தான் பழி சொன்னேன். நாலு பேர் முன்னாலயே சொல்றேன். இவ எடுக்கல. கோழிதான் தின்னுச்சு. தப்பு என்னோடது."

சின்ன அண்ணி கையெல்லாம் மாவு. "முட்டை போனா போகுதுக்கா. 'நீ எடுத்தியா'ன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அந்தக் கேள்வியோடுதான் பெரிய அண்ணி வீடு திரும்பினார்.

என்ன ஐயா கேட்கிறீர்கள்? கோழி என்ன ஆயிற்றா? உயிரோடுதான் இருந்தது! இதோ இந்த மருத்துவர் அம்மாதான் வந்து பார்த்தார். "கோழி மேல குத்தமில்ல. சரியான தீனி போட்டு எத்தனை நாளாச்சு?" என்றார். விபத்து நடந்ததிலிருந்து வெறும் மிச்சச் சோறுதான்! சுண்ணாம்புச் சத்து இல்லாத உடம்பு. தாள்போல் மெலிந்த ஓடு. ஐந்துக்கும் ஒரே கூடு. மிதிபட்டு முட்டை உடைந்தது, ருசி கண்டது, பழகிவிட்டது.

தீனி மாறியது. கிளிஞ்சலை நொறுக்கித் தனித் தட்டில் வைத்தார்கள். கறுப்புக்கோழியைச் சில நாள் தனியே அடைத்தார்கள். கூடு இருட்டாக இருந்தால் கொத்தாது என்று தையல் துண்டுகளை ஒட்டுப்போட்டு அண்ணி திரை தைத்தார். இட்ட முட்டை பின்பக்கம் உருண்டு போகும்படி, சரிந்த பலகை வைத்துப் புதுப் பெட்டிகள் அடித்துக் கொடுத்தார் சின்ன அண்ணன். ஆணி அடிக்கும்போதுதான் அண்ணனும் தம்பியும் மறுபடி பேசினார்கள்!

ஒன்று பாக்கி. முட்டையை இட்டவுடன் எடுத்துவிட வேண்டும். தையலில் உட்கார்ந்தவர் நினைத்த நேரம் எழ முடியுமா? பெரிய அண்ணி கூடையோடு சின்ன அண்ணி வாசலில் போய் நின்றார். "காலையில நீதானே வீட்டுல இருக்கே. முட்டையை நீ எடுத்து வைக்கிறியா?"

யாரைத் திருடி என்றாரோ, அவரிடமே! சின்ன அண்ணி கூடைக்குக் கை நீட்டினார்.

அன்னையரே, ஐயன்மாரே! கோழிக்குத் தீனி போடுங்கள், கிளிஞ்சல் போடுங்கள், கூட்டை இருட்டாக்குங்கள். ஆனால் கூடு காலியாகக் கிடக்கும் நாளில், குற்றம் சொல்லும் முன் கேளுங்கள்! கேட்கும் முன் பாருங்கள்! ஒரு பெண்ணின் பெயர் உடைந்தால் எந்தப் பெட்டி செய்து அதைக் காப்பீர்கள்?

இவ்வளவு நேரம் செவிசாய்த்த தலைவருக்கும், இடம் தந்த சங்கத்தாருக்கும், கால் கடுக்க நின்றவர்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோரும் நலமாய் இருங்கள். வணக்கம்.