மூடி வச்ச மிஷின்

இல்ல சார், தீப்பெட்டிக்கெல்லாம் ஒரே வரியா ஆக்கிட்டா எல்லாருக்கும் லேசுன்னு நீங்க சொல்லுதது எனக்கும் வெளங்குது. நானும் பி.காம். படிச்சவதான். இந்தத் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கணக்கெழுத வந்த புதுசுல நானும் அப்படித்தான் நெனச்சேன். உக்காருங்க, மொதலாளி விருதுநகர் போயிருக்காரு, வந்துருவாரு. போன வருசம் வாட் வரி வந்தப்பவும் எளிமைன்னுதான் சொன்னாக. இப்ப டெல்லி வரிக் கமிட்டிக்காக விசாரிக்க நீங்க வந்திருக்கீக.

கையால செஞ்சா வரி கம்மி, மிஷின்ல செஞ்சா முழு வரி. ஆரம்பத்துல அம்புட்டுதான். ஏழாயிரம்பண்ணை வெயிலு உங்களுக்குப் பழக்கமிருக்காது. லேபிள் ஒட்டுத பொம்பளைக மயங்கி விழுந்தாகன்னு ஒரு ஃபேன் மாட்டுனோம். சோதனைக்கு வந்தவரு, கரண்டு ஓடுதுல்ல, அப்ப இதுவும் மிஷின் கம்பெனிதான்னுட்டாரு. சிரிக்காதீக. கேஸு முடியுத வரைக்கும் ஃபேனைக் கயித்தால கட்டிப் போட்டிருந்தோம். கடைசியில, காத்து வாங்குதது உற்பத்தி ஆகாதுன்னு தனியா ஒரு உத்தரவு வந்துச்சு. பெறகு தண்ணி மோட்டாருக்கு ஒண்ணு. நீங்க குப்பைன்னு சொல்லுத ஒவ்வொரு உத்தரவுக்கும் பின்னால யாரோ ஒருத்தி விழுந்து கெடக்கா சார். எதைக் கிழிப்பீக?

அந்தா, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கே, அது குச்சியை மருந்துல முக்குத மிஷின். ஆளு கை கிட்டப் போக வேண்டாம். மொதலாளி ஆசையாத்தான் வாங்குனாரு. ஓட்டுனா முழு வரி, கட்டுபடியாகலன்னு மூடிட்டாரு.

மிஷினுக்கும் வரியைக் குறைக்கலாம்ங்கீக. குறைச்சா பெரிய கம்பெனிக்காரன் வெலையை எறக்குவான், இங்கன இருக்கதையெல்லாம் பூட்ட வேண்டியதுதான். சரி, ரெண்டுக்கும் ஒரே வரியா முழுசாப் போட்டா? அப்பறம் எதுக்குக் கைவேலைக்குக் கூலி குடுக்கணும்? அன்னைக்கே தார்ப்பாயை உருவிருவாரு. காலையில வேலைக்கு வேன்ல வந்து எறங்குனாகளே பொம்பளைக, அவுகல்லாம் வீட்டுக்குப் போவாக. சுத்தி மானாவாரிக் காடு. அங்கன வேலை இருந்தா இங்கன எதுக்கு வாராக?

எந்தப் பக்கம் திரும்புனாலும் சுவருதான். நீங்க நல்ல மனசோட வந்திருக்கீக, அதான் ஒளிக்காமச் சொல்லுதேன்.

டீ வந்துருச்சு, எடுத்துக்கோங்க. இடது கையால நீட்டுதாளேன்னு தப்பா நெனைக்காதீக. குச்சி முக்குதப்ப மருந்துத் தொட்டி பத்திக்கிட்டதுல வலது கை போயிருச்சு. மிஷினை மூடி வச்ச வருசம். இப்ப பெட்டி அடுக்குதா. மாடத்தி, என் கூடப் பொறந்தவ. அந்தக் கைவேலை வரிச் சலுகையை எடுத்துராதீகன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னதே இவதான்.

சீனி போதுமான்னு கேக்கா, சார்.