மூச்சுப் பட்டு மாறிய நிறம்

சின்னாளப்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு ஆராய்ச்சி மாணவிகள்.

"நான் மூச்சு விட்டதுதான்டி தப்பாப் போச்சு," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள். என் காது சும்மா இருக்குமா?

"என்னடி சொல்ற?"

"கண்ணாடியில நானோ அடுக்கு பூசி, லேசர் பட்டா நிறம் மாறுதுன்னு சொன்னேன்ல? இன்னைக்குச் சளின்னு மாஸ்க் போட்டுட்டுப் பாத்தேன். எம்புட்டு லேசர் அடிச்சும் மாறல. குனிஞ்சு பாக்கையில என் மூச்சோட ஈரம் பட்டுத்தான் இம்புட்டு நாளும் மாறிருக்கு."

"கைடு சார்ட்ட சொல்லிட்டியா?"

"நாளைக்குக் கருத்தரங்கு மேடையில லேசர்ல மாறுதுன்னுதான் பேசப்போறாரு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?"

அவள் போன் அடித்தது.

"சொல்லுங்க சார்... ஆமா சார், லேசர் பட்டுத்தான் மாறுது சார்."

போனை வைத்ததும் ஜன்னலோரம் இருந்தவள் பையிலிருந்து அந்த மாஸ்க்கை எடுத்து, கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.