தவக்காலத்தில் ஆறு எபிசோடு

பட்டாபிராமில் ரயில் ஏறி எனக்கு எதிரில் உட்கார்ந்த பெண், தன் போனைப் பக்கத்திலிருந்த கணவரிடம் நீட்டினார்.

“தவக்காலத்துல நம்ம அக்கவுண்டுல ஆறு எபிசோடு பாத்துக்கீறது யாரு?”

மரியாதைக்கு ஹெட்போனைக் காதிலேயே விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் நிறுத்தினேன்.

“மெதுவா பேசு, ஸ்டெல்லா.”

“இன்னா மெதுவா? நம்ம பொண்ணு ஜெனிக்கு ஆபரேஷன் நல்லபடியா முடியணும், ஈஸ்டர் வரைக்கும் ஊட்டுல யாரும் படம், சீரிஸ் எதுவும் பாக்க மாட்டோம்னு மாதாகிட்ட வேண்டிக்கினோமா இல்லியா?”

“வேண்டிக்கினோம்.”

“டிவி ஒயர புடுங்கி வெச்சேன். டிவிடிங்கள மூட்ட கட்டி பரண்ல போட்டேன். நாளைக்கு ஆபரேஷன். நீ ஒக்காந்து காமெடி சீரிஸ் பாத்துகினு கீற!”

“நான் பாக்கல.”

“பின்ன பேயா பாத்துச்சு?”

கணவர் தன் மடியிலிருந்த சாப்பாட்டுப் பையை இறுக்கிக்கொண்டார். வண்டி ஆவடியில் நின்று கிளம்பியது.

“ஜெனிதான். நேத்து மத்தியானம் நீ வேலைக்குப் போயிருந்தப்ப, ஆஸ்பத்திரியில படுத்துகினே போன் கேட்டா. வேண்டுதல் கீதுமான்னு சொன்னேன். ‘அது நீங்க வேண்டிக்கினது, நான் இல்லியே’ன்னா. குடுத்துட்டேன்.”

அந்தப் பெண் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். அண்ணனூர் போனது, திருமுல்லைவாயல் போனது.

அம்பத்தூரில் கூட்டம் இறங்கிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே அந்தப் பெண் கேட்டார்.

“சிரிச்சாளா?”