பிளஷரில் ஒழுக்கு இல்லை

இருட்டுவதற்குள் மலையைத் தாண்ட வேண்டும் என்றீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தப் பிளஷர் காரில் தண்ணீர் ஒழுக்கு இல்லை. "இலஞ்சி வல்லிநாயகம் பிள்ளை பிளஷரா, அது தண்ணி குடிக்குமே" என்று தென்காசியில் யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் மேல் தப்பில்லை. ஊரே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. நீங்களும் பானட்டைத் திறந்து பார்த்தீர்கள், ஹோஸை அமுக்கிப் பார்த்தீர்கள், அடியில் தலையை விட்டுப் பார்த்தீர்கள். ஆனாலும் உங்கள் முகத்தில் சந்தேகம் போகவில்லை. என்றைக்குக் கொதிக்கும், என்றைக்குக் கொதிக்காது என்று தெரியாத வண்டியை நானும்தான் வாங்க மாட்டேன்.

உங்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமானால் நடந்ததைச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை, தாணுமாலயன் அண்ணாச்சி. நீங்கள் புனலூரில் மரக்கடை வைத்திருப்பவர். இந்தப் பக்கம் அடிக்கடி வருகிறவர் இல்லை. அது எனக்கு ஒரு வசதி. வீட்டுக்குள் கூப்பிடாமல் வண்டி நிறுத்தும் இந்தப் புரையிலேயே நிறுத்திவைத்துப் பேசுகிறேன் என்று வருத்தப்படாதீர்கள். உள்ளே என் மகள் இருக்கிறாள், அவள் காதில் இது விழக் கூடாது.

அவள் பெயர் கல்யாணசுந்தரி. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரைக்கும் படித்துத் தேறியவள். அவள் அம்மா ஐம்பத்தெட்டாம் வருஷம் தவறிப் போனாள். அன்றிலிருந்து இந்த வீடு சுந்தரி கையில்தான் நடக்கிறது. களத்துக்கு எத்தனை ஆள், கோயில் கட்டளைக்கு எவ்வளவு அரிசி, எனக்கு எப்போது வெந்நீர், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு பொருளை நான் தேட ஆரம்பிக்கும்போதே கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவாள். இப்படிப்பட்ட மகளைப் பெற்றவன் கொடுத்துவைத்தவன் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்காமல் இல்லை. அதை யாரும் என்மேல் குறையாகச் சொல்ல முடியாது. எங்கள் வகையறாவில் பெண்ணை முதலில் வீட்டில் வைத்துக் காட்டுவதில்லை. வெளியூர்க் கோயில் ஒன்றுக்கு இரண்டு வீட்டாரும் ஏதோ சாமி கும்பிட வந்தவர்களைப் போல வருவோம். மாப்பிள்ளை வீட்டார் பிராகாரத்தில் வைத்துப் பெண்ணைப் பார்த்துக்கொள்வார்கள். பிடிக்கவில்லை என்றால் ஊருக்குத் தெரியாமல் போய்விடும், பெண்ணுக்கும் பேர் கெடாது. நல்ல நேரம் ஒன்று குறித்திருக்கும். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், ராகுகாலம் பிறந்துவிட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

முதல் தடவை வண்டி நிஜமாகவே ஒழுகியது. எல்லாமே என் வேலை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். கோவில்பட்டி மாப்பிள்ளை ஒருவருக்காகச் சங்கரன்கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். டிரைவர் சுடலைக்கண்ணு ஓட்டினான். சுரண்டை தாண்டியதும் ஹோஸ் வெடித்து, ஆவி அடித்து, வண்டி நின்றுவிட்டது. துணியைச் சுற்றிக் கட்டி, வயற்காட்டுக் கிணற்றில் தண்ணீர் மொண்டு ஊற்றிப் போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் பாதி ஆகிவிட்டது. புறப்பட்ட காரியம் வழியிலேயே தடையாகிவிட்டது, சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் சொல்லிவிட்டார். வந்தவர்கள் அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

வருத்தத்தோடுதான் திரும்பினேன். அன்று சாயங்காலம் சுந்தரி விளக்கேற்றிவிட்டு வந்து எனக்கு உளுந்தங்களி வைத்தாள். "இன்னும் ரெண்டு சொட்டு நல்லெண்ணெ விடட்டாப்பா?" என்று கேட்டாள். என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அப்படி இருந்ததற்காக அப்போதே கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

அடுத்து வந்தவன் பம்பாயில் வேலை பார்க்கிறவன். பாபநாசம் கோயிலில் பார்ப்பதாக ஏற்பாடு. நல்ல பையன், அவனை நான் குறை சொல்ல மாட்டேன். பம்பாய்தான் தூரம். அதற்குப் பிறகு என் ஆயுசில் அவளை நாலு தடவை பார்த்தால் அதிகம். கிளம்புமுன் டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு நானே வைக்கிறேன் என்று முன்பக்கம் போய் உட்கார்ந்தேன். ரேடியேட்டருக்கு அடியில் தண்ணீரை வடித்துவிட ஒரு சின்னப் பித்தளைக் குழாய் இருக்கிறது, நீங்களும் பார்த்தீர்கள். அதைக் கால் திருகு திருகினேன். அவ்வளவுதான் செய்தேன். சொட்டுச் சொட்டாகத்தான் போகும். ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் கொதித்து நின்றது. முதலில் இறங்கி ஓடியவன் நான்தான். பதறிப் போய் வண்டிக்கு அடியில் பார்க்கிற தகப்பனை யார் சந்தேகப்படுவார்கள்? குழாயை மூடிவிட்டு, "தண்ணி கொண்டாலே சுடலை" என்றேன். போய்ச் சேர்வதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்று நினைப்பீர்கள். வீட்டில் பிளஷரை வைத்துக்கொண்டு பெண்ணைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனால், குடும்பம் நொடித்துவிட்டது என்று பேசுவார்கள். எங்களுக்கு அந்த வீம்பு உண்டு. எனக்கு அது தோதாகப் போயிற்று.

அதற்கப்புறம் ஒழுக்கைத் தேடினோம். நானே முன்னின்று தேடினேன். தென்காசியிலிருந்து மெக்கானிக் தங்கசாமியைக் கூட்டி வந்தேன். ஹோஸ் மாற்றினான், கிளிப்பு மாற்றினான், வாட்டர் பம்பைக் கழற்றி மாட்டினான். எஞ்சின் தலையைத் தூக்கி கேஸ்கெட்டைப் பார்த்தான். ரேடியேட்டரைத் தனியாக எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, எங்கேயாவது குமிழி வருகிறதா என்று இரண்டு பேரும் தொட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. நான் உண்மையிலேயே கவனமாகத்தான் பார்த்தேன். வண்டிக்கு அடியில் பேப்பர் விரித்துப் போட்டு, காலையில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். என் பொறுமையைத் தங்கசாமி வாய்விட்டுப் பாராட்டினான். அந்த நேரத்தில் நிஜமாகவே எங்கேயோ ஒரு ஒழுக்கு இருப்பதாகவும் நான் அதைத் தேடிக்கொண்டிருப்பதாகவும் எனக்கே தோன்றும்.

கடைசியில் அவன் அந்தப் பித்தளைக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத யாரும் தொடுதாவளா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"சுடலைதான் வண்டியக் கழுவுதான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சொன்ன பிறகு சுடலையை வைத்துக்கொள்ள முடியாதே, அந்த வாரமே நிறுத்திவிட்டேன். என் அப்பா காலத்திலிருந்து இருந்தவன். சாவியைக் கையில் கொடுக்கும்போது, "நான் ஒண்ணுஞ் செய்யல அய்யா" என்றான். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு நானே ஓட்டினேன்.

மூன்றாவது மாப்பிள்ளை விஷயத்தில் உங்களிடம் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. மேலகரத்துப் பையன், வாத்தியார் வேலை. அவன் வீட்டு மாடியில் நின்றால் எங்கள் தென்னந்தோப்பு தெரியும். சுந்தரிக்கு அவனைப் பிடித்திருந்தது என்றும் எனக்குத் தெரியும். அவளாகச் சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்க அடுப்படியில் பாட்டுச் சத்தம் கேட்டது. பக்கத்து ஊராக இருப்பதால் பேச்சுப் பரவக் கூடாதென்று அவர்களும் பாபநாசத்தையே சொன்னார்கள். அன்றைக்கும் எலுமிச்சம்பழம் நான்தான் வைத்தேன்.

என் அக்கா பேராச்சி வாய்க்குப் பூட்டுக் கிடையாது. திரும்பி வந்ததும் முற்றத்தில் நின்றே ஆரம்பித்துவிட்டாள். "ஏலே, மெக்கானிக்கும் பாத்துட்டான், டிரைவரையும் நிப்பாட்டியாச்சு. குத்தாலத்துக்குப் போனா கொதிக்கல, திருநவேலிக்குப் போனா கொதிக்கல. இவள மாப்பிள்ள வீட்டுக்குக் காட்டப் போறப்ப மட்டுந்தான கொதிக்கு. குத்தம் வண்டில இல்லலே, இவ ராசில இருக்கு."

அக்காவை அதட்டினேன். அடுப்படிக்குக் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகவே அதட்டினேன். நான் பரிந்து பேசுவது சுந்தரிக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். என் அதட்டல் கேட்டிருந்தால் அக்கா சொன்னதும் கேட்டுத்தான் இருக்கும்.

பிறகு ஒரு நாள் சுந்தரி எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே, "ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுததுக்கு நாமளே சோதிச்சுப் பாத்துருவோம்ப்பா" என்றாள். "ஒரு நா நீங்களும் தங்கசாமி அண்ணனும் பாவநாசம் போயிட்டு வாங்க. மறுநா அதே நேரம், அதே ரோட்டுல நான் ஏறி வாரேன். ரெண்டு தடவையும் கொதிக்கலன்னா அத்தை வாய மூடிக்கிடுவாங்க. நான் ஏறுனா மட்டும் கொதிச்சுதுன்னா, மாப்பிள்ள பாக்குதத விட்டுருவோம்."

அவள் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. முதல் நாள் தங்கசாமியோடு போய் வந்தேன். ஒரு சொட்டுக் குறையவில்லை. "வண்டி கல்லு கணக்கா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவன் போனான். மறுநாள் காலையில் சுந்தரி குளித்து, அவள் அம்மாவின் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். கோயிலில் அவளைப் பார்க்க யாரும் காத்திருக்கப் போவதில்லை, ஆனாலும் கட்டிக்கொண்டு வந்தாள். நான் எலுமிச்சம்பழத்தோடு இதே புரையில் நின்றேன். அந்தக் குழாயை நான் தொடாமல் இருந்தால் போதும். ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலே என் மகள் தலை நிமிர்ந்துவிடுவாள். இது புரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நன்றாகப் புரிந்துதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்து திருகினேன்.

கடையம் தாண்டியதும் ஆவி வந்தது. அவள் இறங்கி வந்து பார்த்தாள், அழவில்லை. வாய்க்காலில் இறங்கித் தண்ணீர் மொண்டுவந்து அவளே ஊற்றினாள். பட்டுச் சேலை முழுக்கச் சேறாகிவிட்டது. "சரிப்பா, தெரிஞ்சுபோச்சு" என்றாள். "உங்களத்தான் இத்தன வருசம் அலக்கழிச்சுட்டேன்." எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல் வெட்கமாக இருந்தது. ஆனால் தண்ணீர் ஊற்றியதும் வண்டி கிளம்பிவிட்டது, நாங்களும் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அன்றோடு மாப்பிள்ளைப் பேச்சு நின்றது. மேலகரத்து வாத்தியார் அந்த ஐப்பசியில் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். சுந்தரி அதற்கப்புறம் வண்டியில் ஏறவே இல்லை. குற்றாலத்துக்குக்கூட நடந்துதான் போவாள். கல்யாண வீடுகளில் மணவறைப் பக்கம் நிற்க மாட்டாள், பின்கட்டில் காய் நறுக்கப் போய்விடுவாள். அவளை யாரும் ஒதுக்கவில்லை, அவளாகவே ஒதுங்கிக்கொண்டாள்.

போன ஆடியில், சாரல் நேரத்தில், எனக்கு நெஞ்சுவலி வந்தது. சுந்தரிதான் ஓடிப் போய்ச் சுடலைக்கண்ணுவைக் கூட்டி வந்தாள். அவன் பழசு எதையும் பேசாமல் என்னைத் தூக்கிப் பின் ஸீட்டில் கிடத்தினான். "நீயும் ஏறு தாயி" என்றான்.

அவள் கதவைச் சாத்திவிட்டுத் தள்ளி நின்றாள். "நான் ஏறுனா வழியில நின்னுரும் அண்ணே. நீங்க அப்பாவக் கொண்டு போங்க, நான் பின்னால நடந்து வாரேன்."

வலியிலும் அது எனக்கு நன்றாகக் கேட்டது. ஏறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வலி பேசவிடவில்லை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். என்னால் பேச முடிந்தது. குழியில் விடாமல் மெதுவாகப் போ என்று சுடலையிடம் சொன்னேன்.

தென்காசி வரைக்கும் மழையில் நடந்து வந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கால்மாட்டில் வந்து நின்றபோது சேலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. "பாத்தீங்களாப்பா, நான் ஏறாததுனால நல்லபடியா வந்து சேந்துட்டீங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.

முன்பின் தெரியாத உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. ஆனால் நீங்கள் வண்டியை எடுக்காமல் போய்விட்டால் எனக்கு வேறு வழி இல்லை. போன வாரம் அந்த மேலகரத்து வாத்தியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர் மனைவி பிரசவத்தில் போய்விட்டாளாம், கைக்குழந்தை இருக்கிறதாம். ராசி, சகுனம் எதுவும் பார்க்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கதவுக்குப் பின்னால் நின்று சுந்தரி கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் என் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "இன்னொரு தடவ ஏறிப் பாத்துரட்டாப்பா? கொதிக்கலன்னா அவங்களுக்குச் சரின்னு சொல்லிருவோம்" என்றாள். வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அன்றைக்கே உங்களுக்கு ஆள் அனுப்பினேன்.

சுடலை மறுபடியும் வேலைக்கு வந்துவிட்டான், நாளை வெள்ளிக்கிழமை அவன்தான் ஓட்டுவான். டாக்டர் என்னைக் குனியவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். அப்படியும் நேற்று தனியாக இங்கே வந்து முயன்று பார்த்தேன். முழங்கால் மடங்கவில்லை, கை அந்தக் குழாய் வரைக்கும் எட்டவில்லை. அவள் சின்னப் பெண் இல்லை, இன்னொருத்தி பெற்ற குழந்தையைத் தூக்கிச் சுமக்கிற கஷ்டமெல்லாம் அவளுக்கு எதற்கு? அவள் நன்மையைத்தான் பார்க்கிறேன். சாவி இதோ இருக்கிறது. உங்களுக்குக் காப்பி கலந்துகொண்டிருக்கிறாள், குடித்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நாளைக் காலையில் அவள் குளித்துவிட்டு வரும்போது இந்தப் புரை காலியாக இருக்க வேண்டும்.