நூத்தம்பதுக்கு ஒண்ணு

ஆமாங்க, நானேதான். டிவியில கொஞ்சம் குண்டாத் தெரிவேன், நேர்ல கொஞ்சம் கெழவனாத் தெரிவேன், அவ்வளவுதான். உக்காருங்க தம்பி, எடம் காலிதான். அந்த நீளப் பெட்டிய மட்டும் தொடாதீங்க, அதுல என் ஸ்னூக்கர் குச்சி இருக்கு. இருங்க, நானே நகத்திக்கிறேன்.

சரி சரி, கை குடுத்தாச்சுல்ல, விடுங்க. நேத்து சாயங்காலத்துல இருந்து ஷெஃபீல்டுக்காரன் பூராப் பேரும் என் கையப் புடிச்சு ஆட்டிட்டான். காலையில ஓட்டல்ல தட்டுல பீன்ஸ் ஊத்துற பொண்ணு, கரண்டியோட வந்து கட்டிப் புடிக்குது. சட்டையெல்லாம் தக்காளிச் சாறு.

என்னது, பந்தயச் சீட்டா? என் பேர்லயா? எங்க, காட்டுங்க. க்ளைவ் ஆக்ஸ்டபி உலகச் சாம்பியன் ஆவான், நூத்தம்பதுக்கு ஒண்ணு, ஒரு பவுண்டு கட்டுனா நூத்தம்பது பவுண்டு. அட, நெசமாவே கட்டியிருக்கீங்களே! உங்களுக்கு வீட்டுல சொல்றதுக்கு ஆள் யாரும் இல்லையா?

நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஷெஃபீல்டுல கால் இறுதி ஆட்டம், இந்த ஆளு எதுக்கு கிரிம்ஸ்பி ரயில்ல போறான்னு பாக்குறீங்க. தெரியுது, வந்ததுல இருந்து அதத்தான் சுத்திச் சுத்திக் கேக்குறீங்க. காசக் கட்டுனவரு கேக்கத்தான் செய்வீங்க. சொல்றேன். மொதல்ல அந்தப் பேப்பரக் குடுங்க.

ம். இத எழுதுனவன் என்னைக்காவது ஒரு பந்த குழியில போட்டிருப்பானா? ஃபெர்கஸ், நாலுக்கு ஒண்ணாம். ரெண்டு தடவ சாம்பியன், சரி. இப்ப அவனால தூரத்துப் பந்த அடிக்க முடியலங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி மூச்ச இழுத்து இழுத்து விடுறான், பிரசவத்துக்கு வந்தவ மாதிரி. பேருக்காகப் போட்டிருக்கான் நாலுக்கு ஒண்ணுன்னு. இந்தா, பெய்ஜிங்ல இருந்து வந்திருக்கானே சின்னப் பய, அவனுக்கு ஆறுக்கு ஒண்ணாம். அநியாயம். அவன் ஆடுறதப் பக்கத்து மேசையில நின்னு பாத்தா பயமா இருக்குங்க. பந்து அவன் சொன்ன எடத்துல போயி நிக்குது. அவன் வெளியூர்க்காரன், அவன் மேல இங்க எவனும் ஆசையாக் காசு கட்ட மாட்டான், அதான் ஆறு. ஆட்டத்தப் பாத்து எவன்யா போடுறான்? சனம் எவன் மேல பைத்தியமா இருக்குன்னு பாத்துல்ல போடுறான்.

அப்புறம் இந்தப் பேரு. கோடு போட்டு அடிச்சிருக்கான் பாருங்க. ரோட்ரி, மூணுக்கு ஒண்ணு. எல்லாருக்கும் முன்னாடி நின்னவன். இந்த வருசம் கோப்பை அவனுக்குத்தான்னு எங்க கிளப்புல தரை துடைக்கிறவருக்குக் கூடத் தெரியும். அவன நேத்து நான் தோக்கடிச்சுட்டேனாம். அதுக்காக என்னைய ஒரே நாள்ல நாப்பதுக்கு ஒண்ணா இறக்கியிருக்கான். பாருங்க, ஓரத்துல. நேத்து வரைக்கும் நான் குப்பை, இன்னைக்குக் குதிரை.

ஆரம்பிச்சுட்டீங்களா நீங்களும்! அந்த ரோட்ரிப் பையனோட நேர்மை. நேத்துல இருந்து இதே பாட்டு. டிவிக்காரன் கண்ணத் தொடைக்கிறான். ரேடியோவுல ஒரு பாதிரியார் வந்து, இந்த நாட்டுக்கு இப்படிப் பிள்ளைங்கதான் வேணும்கறார். நேர்மை, நேர்மை, நேர்மை. எனக்கு அந்த வார்த்தையக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது.

நான் ஏங்க பொறாமைப்படப் போறேன்? ஜெயிச்சவன் நான்தானே!

நீங்க முழுசாப் பாத்தீங்களா, இல்ல கைதட்டுற எடத்த மட்டும் பாத்தீங்களா? அப்பச் சொல்றேன் கேளுங்க. பன்னெண்டுக்குப் பன்னெண்டு. கடைசி ஆட்டம், அத எடுக்கிறவன் உள்ள, விடுறவன் வீட்டுக்கு. மேசையில மூணே பந்து, நீலம், பிங்க், கருப்பு. மூணையும் நானே போட்டாலும் பதினெட்டு பாயிண்ட்தான். அவன் இருவது முன்னாடி. அப்ப என்ன அர்த்தம்? முடிஞ்சுபோச்சு. நான் தோத்துட்டேன். நானே எழுந்துட்டேங்க. எங்க ஆட்டத்துல அதான் மரியாதை, முடிஞ்சுதுன்னு தெரிஞ்சா எழுந்து போயி கை குடுத்துடணும். அவன் நீலத்த அடிக்கக் குனியிறான், சரி இந்த ஒண்ண அடிச்சு முடிக்கட்டும்னு நான் மேசை ஓரமாப் போயி நிக்கிறேன். கைய நீட்டத் தயாரா.

அடிக்கல. நிமிந்தான். ரெஃப்ரியப் பாத்து, தொட்டுட்டேன், என் வெயிஸ்ட்கோட்டு பிங்க்கத் தொட்டுருச்சுன்னான்.

அந்த ரெஃப்ரி பொம்பள எதிர்ப்பக்கம் நிக்குது, அதுக்கு எங்க தெரியும்? நிச்சயமாத்தான் சொல்றீங்களான்னு ஒரு தடவ கேட்டுச்சு. நிச்சயமாத்தான்னான். ஃபவுல். துணி பட்டாலும் ஃபவுல்தான்; பிங்க்குக்கு எனக்கு ஆறு பாயிண்ட், அவனோட இருவது பதினாலாச்சு, ஆட்டம் என் கைக்கு வந்துருச்சு. பாக்க வந்த சனம் பூரா எழுந்து நின்னு கைதட்டுது. நீலம், பிங்க், கருப்பு, மூணும் எனக்கு முன்னாடி வரிசையா, கொழந்த கூடப் போட்டுரும். போட்டேன். நாலு பாயிண்ட்ல ஜெயிச்சேன்.

எங்க ஆட்டத்துல இது ஒரு பழக்கம், உங்களுக்கும் தெரியும். எவனும் பாக்காட்டியும் நம்ம தப்ப நாமளே சொல்லணும். வேற எந்த ஆட்டத்துல இருக்கு? ஃபுட்பால்ல ஒருத்தன் காத்துப் பட்டாலே காலப் புடிச்சுக்கிட்டு உருளுவான். நாங்க அப்படி இல்ல. அதுல எங்களுக்கு ஒரு கர்வம். அதனாலயே, ஒருத்தன் தொட்டேன்னு சொல்லிட்டா, தொட்டியான்னு திருப்பிக் கேக்க மாட்டோம். கேக்கவே தோணாது. நேத்து டிவியில அந்த எடத்த மெதுவா ஓட்டிக் காட்டுறான். ஒருத்தன், தொட்ட மாதிரி தெரியலையேங்கறான். பக்கத்துல உக்காந்திருக்கிற கூமுட்ட என்ன சொல்றான் தெரியுமா? கேமராவுக்குத் தெரியாதது அந்தப் பையனோட மனசாட்சிக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்கங்கறான். அதுக்கும் கைதட்டல்!

நான் மேசை ஓரத்துல நின்னேன்னு சொன்னேன்ல?

பிங்க்குக்கும் அவன் வயித்துக்கும் நடுவுல ஒரு வெரல் போகும் தம்பி. தொடல. ஒட்டடக்குச்சி மாதிரி இருப்பான், கோட்டு அவன் வயித்தோட ஒட்டிக் கெடக்கும். எங்க தொடும்? தொடவே இல்ல.

வாயத் தொறந்துக்கிட்டு இருக்காதீங்க. வேணும்னா வெளியில போயிச் சொல்லிப் பாருங்க, எவனும் நம்ப மாட்டான். நான் அப்படிச் சொல்லவே இல்லம்பேன்.

காசு வாங்கிட்டானா? யோவ், பல்லத் தட்டிருவேன். மன்னிச்சுக்கங்க. ஆனா அவனப் பத்தி அப்படிப் பேசாதீங்க. நாலு வருசம் எங்க வீட்டு மாடியறையில குடியிருந்த பய அவன். வேல்ஸ்ல இருந்து ஒரு பையும் ஒரு குச்சியுமா வந்தான், எங்க கிளப்புல பழகுறதுக்காக. ஒரு பைசாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு. லொரெய்ன், என் வீட்டுக்காரி, அவனுக்குச் சட்ட துவைச்சுப் போட்டிருக்கா. எங்களுக்குப் பிள்ள இல்லைங்க. அதச் சொல்ல வேண்டாம்னு நெனச்சேன், வந்துருச்சு.

அப்புறம் ஏன் செஞ்சான்? அதத்தான் நானும் கேட்டேன். காலையில ஓட்டலுக்கு வந்தான், என்னையப் பாக்க. எதிர்ல உக்காந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவுறான். தடவிக்கிட்டே இருக்கான். நான் நேராக் கேட்டேன், தொட்டியாடான்னு. ரொட்டிய வெச்சுட்டு, நீங்க அறுபத்தெட்டாவது எடத்துல இருந்தீங்கல்லன்னான்.

அது உங்களுக்குத் தெரியாது. இந்தப் போட்டியோட எங்க வருசம் முடியுது. முடியும்போது மொத அறுபத்தி நாலு பேருக்குள்ள இருக்கணும். இல்லன்னா, அடுத்த வருசம் தொழில்முறை ஆட்டக்காரன்னு சொல்லிக்க முடியாது. வெளிய போயி, சின்னப் பசங்களோட முட்டி மோதி மறுபடி உள்ள வரணும். அம்பத்தோரு வயசுல. நேத்து நான் தோத்திருந்தா வெளிய. ஜெயிச்சதால உள்ள. அவன் எல்லாத்தையும் பாத்து வெச்சிருக்கான். எனக்கு என்ன, இருவத்திமூணு வயசு, இன்னும் பதினஞ்சு தடவ ஷெஃபீல்டு வருவேன், உங்களுக்கு இதுதானேன்னான். சொல்லிட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டான்.

நல்ல பயதான்! அதத்தானே சொல்றேன்! நல்ல பய, தங்கமான பய, அவன் கழுத்த நெரிச்சுக் கொல்லலாம்னு இருந்துச்சு எனக்கு. பன்னெண்டு ஆட்டம் அவன்கிட்ட இருந்து புடுங்கியிருக்கேங்க. ஆறாவது ஆட்டத்துல அந்தப் பழுப்புப் பந்த மேசையோட அந்தக் கோடியில இருந்து போட்டேனே, பாத்தீங்களா? பத்து வருசமா நான் அப்படி அடிச்சதில்ல. முதுகு வலி தெரியல, கண்ணு தெளிவா இருந்துச்சு. தோத்துருவோம்னு தெரிஞ்சு எழுந்தப்பகூட எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. இனிமே போதும்டா, நல்லா ஆடித்தான் தோத்தோம்னு. அந்தத் தோல்விய எனக்குக் குடுத்திருக்கலாம்ல? அது என்னோடதுங்க. அத எடுத்துக்கிட்டு, இந்த ஊசிப்போன வெற்றிய என் தட்டுல போட்டுட்டான்.

உங்க பந்தயக் கடைக்காரன் மேல எனக்கு எவ்வளவு கோவம் இருந்துச்சு தெரியுமா, நூத்தம்பதுக்கு ஒண்ணுன்னு போட்டதுக்கு? ஆனா யோசிச்சுப் பாருங்க, நூத்தம்பது தடவ ஆடுனா ஒரு தடவையாவது நான் ஜெயிப்பேன்னு அந்த ஆளு நம்பியிருக்கான். இவன் அதுகூட நம்பல. என் வீட்டுச் சோத்தத் தின்னவன்.

சொல்லிட முடியாதுங்க. எப்படிச் சொல்றது? தொடலன்னு நான் வாயத் தொறந்தா, வேணும்னே தோத்தான்னு ஆகும். இரக்கப்பட்டுத் தோத்தானா, காசுக்குத் தோத்தானான்னு எவன் பாப்பான்? தடை போட்டுருவாங்க, பத்து வருசமோ, ஆயுசுக்குமோ. அவன் சொன்ன பதினஞ்சு ஷெஃபீல்டும் போச்சு. சொல்லாம நாளைக்குப் போயி ஆடவும் என்னால முடியாது. அவன் எடத்துல நின்னுக்கிட்டு, சனம் கைதட்ட, நான் கையத் தூக்கிக் காட்டணுமா? தூ.

அதனால மத்தியானம் போட்டி ஆபீசுக்குப் போனேன். நாளைக்கு ஆடலன்னேன். அடுத்த வருசமும் ஆடல, என் பேர மொத்தமா எடுத்துருங்கன்னேன். அந்தப் பிச்ச எனக்கு வேண்டாம்ங்க. ஏன்னு கேட்டாங்க. முதுகு புடிச்சுக்கிச்சு, குனிய முடியலன்னேன். உடனே நம்பிட்டாங்க. ஒரு பொண்ணு ஓடிப்போயி நாற்காலி எடுத்துட்டு வந்துச்சு. பாருங்க, எங்க ஆளுங்க எத வேணாலும் நம்புவாங்க.

உங்க சீட்டு செல்லாதுங்க. ஆமா, திருப்பித் தர மாட்டான், ஆட ஆரம்பிச்ச ஆளு பாதியில விட்டா அவ்வளவுதான். திட்டணும்னா திட்டிக்கங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். உங்களுக்காவது என்னையத் திட்ட உரிமை இருக்கு.

லொரெய்னுக்குத் தெரியுமாவா? ஐயோ, அவகிட்ட எப்படிச் சொல்றது? நேத்து அவன் ஃபவுல் சொன்னப்ப வீட்டுல சோபாவுல உக்காந்து அழுதிருக்கா. நாம வளத்த பிள்ள பாருங்க, நம்ம வீட்டுல கத்துக்கிட்ட நேர்மைங்கன்னு போன்ல சொல்றா. ஞாயித்துக்கிழம அவன் சாப்பிட வருவான். எப்பவும் வருவான். அவ மாட்டிறைச்சி வறுத்து வெப்பா. நாங்க ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்துக்கிட்டு, உருளக்கிழங்கு வேணுமா, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமான்னு கேட்டுக்கணும். அவன் என் முதுகு எப்படி இருக்குன்னு விசாரிக்கணும். நான் பரவால்லைங்கணும்.

எங்க ஊரு வந்துருச்சு போல. நீங்க கிளீதோர்ப்ஸ் வரைக்குமா? சரி, ஒரு உதவி பண்ணுங்க தம்பி. அந்தப் பையையும் குச்சிப் பெட்டியையும் கொஞ்சம் எறக்கிக் குடுங்க. இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கேன், தூக்கத் தெம்பு இருக்கு. லொரெய்ன் பிளாட்பாரத்துல நிக்கிறா, அவகிட்டயும் முதுகுன்னுதான் சொல்லப் போறேன். நான் குனியுறத அவ பாத்துறக் கூடாது.