அடிக்குறிப்பில் ஒரு பல் டாக்டர்

...மீதி பதினாலு மார்க்கு எங்க போச்சுன்னு கேட்டேன். அவ்வளவுதான் சார், வேற ஒரு வார்த்தை சொல்லல. அதுக்கு எங்க வீட்டுக்காரரு மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! வாயை இன்னும் கொஞ்சம் திறங்க... இன்னும்... ஆங். சொத்தை நல்லா ஆழமாத்தான் போயிருக்கு. இத்தனை வலியையும் வெச்சுக்கிட்டு எப்படித்தான் இருந்தீங்களோ! பதில் சொல்லாதீங்க, ஊசி போடறேன். சின்னதா ஒரு குத்து... முடிஞ்சுது. மரத்துப் போறவரைக்கும் நாம சும்மாதானே இருக்கணும்? நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க. இப்ப இல்ல, அப்புறமா.

எங்க வீட்டுக்காரரு டைல்ஸ் கடை வெச்சிருக்காரு. நல்ல மனுஷன், குரல் உசத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாரு. ஆனா படிப்புன்னா... எப்படிச் சொல்றது... கல்யாணம் பேசும்போதே எங்கப்பா சொன்னாரு, "பையன் தங்கம், படிப்பு மட்டும் சுமார்"னு. நான் அப்படியா? ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து பல் டாக்டருக்குப் படிச்சு முடிக்கறவரைக்கும் முதல் ரேங்க். ரெண்டாவது ரேங்க்னா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. அதனால எங்க வீட்ல எது வந்தாலும் என்கிட்டதான் வரும். வீட்டு வரியா, வாடகை ஒப்பந்தமா, டிவி ரிமோட்டா... "அவளைக் கேளுங்க"ம்பாரு. இத்தனை வருஷமா வண்டி அப்படித்தான் ஓடிச்சு. யாரும் ஒரு குறை சொன்னதில்ல.

திடீர்னு ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே சொல்றாரு, "யுனிவர்சிட்டில சாயங்கால வகுப்பு இருக்காம், சரித்திரம் படிக்கலாம்னு பாக்கறேன்"னு. எனக்குப் புரையேறிடுச்சு! ஐம்பது வயசுல என்னத்துக்குங்க சரித்திரம்னா, "ஆசையா இருக்கு"ங்கறாரு. ஆசைன்னு சொன்னா நான் குறுக்க நிப்பேனா? "ஒண்ணும் பயப்படாதீங்க, நான் இருக்கேன்"னு தைரியம் சொன்னேன். உதடு மரத்துடுச்சா? மூக்குமா? மூக்குக்கு ஏன் போச்சு... பரவால்ல, கொசுறுன்னு வெச்சுக்கங்க.

முதல் கட்டுரை வந்துச்சு. பழைய ஊர்கள்ல ஜனங்க கடிகாரம் பாத்து நடக்க ஏன் ஆரம்பிச்சாங்கன்னு கேள்வி. இவரு எழுதிக் காட்டினாரு. படிச்சேன். ஐயோ சார்... மொதல் வரியே, "சந்தையை எப்ப மூடறதுன்னு கடைக்காரங்களுக்குள்ள சண்டை வந்தது"ன்னு இருக்கு. கட்டுரையை இப்படியா ஆரம்பிப்பாங்க? ஒரு கம்பீரம் வேணாமா? நான் உக்காந்து சீர் பண்ணினேன். "மனிதன் தோன்றிய காலந்தொட்டே காலத்தின் மீது அவன் கொண்ட காதல் அளவிட முடியாதது" – எப்படி இருக்கு? ஸ்கூல்ல இந்த மாதிரி ஒரு வரிக்கே மிஸ்ஸு கண்ணுல தண்ணி விட்டுருவாங்க. முடிவுலயும் ஒரு பாரா போட்டேன், காலம் பொன்னானதுன்னு. கொண்டு போய்க் கொடுத்தாரு.

ஐம்பத்திமூணு!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சிஸ்டர், அந்த உறிஞ்சற குழாயை எடுத்து வாயில வைம்மா. இப்ப கொஞ்சம் சத்தம் வரும் சார், வலிக்காது. வலிச்சா இடது கையைத் தூக்குங்க... ஐம்பத்திமூணு! என் வாழ்க்கையில அந்த நம்பரை நான் மார்க்ல பாத்ததே இல்ல. பேப்பரைப் புடுங்கிப் பாக்கறேன், ஓரத்துல பென்சில்ல கேள்வி கேள்வியா எழுதி வெச்சிருக்காங்க அந்தப் புரொபசர் அம்மா. "மனிதன் தோன்றிய காலந்தொட்டே"க்குப் பக்கத்துல, "அப்போது கடிகாரம் இருந்ததா?"ன்னு கேட்டிருக்காங்க. "அளவிட முடியாதது"க்குக் கீழ, "யார் அளந்து பார்த்தார்கள்?" பொன்னானதுக்கு ஒரு பெரிய கேள்விக்குறி. எல்லாம் யாரோட வரி? என்னோட வரி! அந்தச் சந்தைச் சண்டையை நான் நாலாம் பக்கத்துக்குத் தள்ளியிருந்தேன் பாருங்க, அதுக்குப் பக்கத்துல மட்டும், "இது நன்றாக இருக்கிறது, இங்கிருந்து தொடங்கியிருக்கலாமே"ன்னு எழுதியிருக்காங்க.

அவரு கோவிச்சுக்கல. அதுதான் சார் அவருகிட்ட பெரிய கஷ்டம், கோவமே வராது. "விடு, மொத தடவைதானே"ன்னுட்டு, மறுநாள் அந்தப் பேப்பரையே எடுத்துக்கிட்டு நேரா அந்த அம்மா ரூமுக்குப் போயிட்டாரு. வெக்கமா இல்லையாங்கன்னு கேட்டேன். கம்மி மார்க் வாங்கின பேப்பரைத் தூக்கிக்கிட்டு வாத்தியார் ரூமுக்கு யாராவது போவாங்களா? நானெல்லாம் வாத்தியார் எதிர்ல வந்தா வராண்டா மாறிப் போற ஆளு. அதுக்கு அவரு சொல்றாரு, "டைல்ஸ்ல விரிசல் இருந்தா வாங்கினவங்க கடைக்குக் கொண்டு வந்து காட்டறதில்லையா? அவங்க காட்டினாத்தானே எங்க விரிசல்னு எனக்குத் தெரியுது." கேட்டீங்களா கதையை!

கை தூக்கறீங்களா? வலிக்குதா? இல்ல? சும்மா காதைச் சொறிஞ்சீங்களா... பயமுறுத்தாதீங்க சார்.

அப்புறம் ரெண்டாவது கட்டுரை. அதை என்கிட்ட காட்டவே இல்ல! நான் எதிர்ல எதிர்ல நடக்கறேன், "ஏதாவது பாக்கணுமா?"ங்கறேன், "இல்லம்மா, நீ களைச்சுப் போயிருக்க"ங்கறாரு. நான் எங்க களைச்சேன்? தனியா கொடுத்துட்டு வந்துட்டாரு. அதுக்குத்தான் எண்பத்தாறு. அப்பதான் நான் மீதி பதினாலைக் கேட்டது. எனக்கென்ன சார் தெரியும், அந்தத் துறையில எழுவதைத் தொட்டாலே சாதனைன்னு? அவரு கூடப் படிக்கற பொண்ணு ஒண்ணு போன் பண்ணி, "ஆன்ட்டி, நாங்க எல்லாரும் அங்கிளை ஒரு மாதிரி பாக்கறோம், எண்பத்தாறு இங்க யாரும் பாத்ததே இல்ல"ன்னு சொல்லுது. நான் போனை வெச்சுட்டுப் போய் எட்டிப் பாத்தேன். பக்கத்து ரூம்ல அவரு என்ன பண்றாருங்கறீங்க? துணி மடிச்சுக்கிட்டு இருக்காரு!

எனக்கு மனசு ஆறல. இது எப்படி? தினம் கடைக்குப் போறாரு, வர்றாரு. எப்ப படிக்கறாரு? ஒரு நாள் க்ளினிக்குக்குச் சீக்கிரமா பூட்டுப் போட்டுட்டு, சொல்லாம கொள்ளாம அவரு கடைக்குப் போனேன். அங்க மாதிரிக்குன்னு ஒரு பாத்ரூம் கட்டி வெச்சிருப்பாங்க, தண்ணியே வராது, எல்லாம் பளபளன்னு இருக்கும். அதுக்குள்ளேர்ந்து பேச்சுக் குரல். எட்டிப் பாத்தா, மனுஷன் அந்தக் கம்மோடு மூடி மேல உக்காந்து, தாளைக் கையில பிடிச்சுக்கிட்டு, சத்தமா வாசிக்கறாரு! எதிர்க் கண்ணாடியில கேள்வியைப் பெருசா எழுதி ஒட்டியிருக்கு. ஒரு வரி வாசிக்கறாரு, நிமிர்ந்து கேள்வியைப் பாக்கறாரு, "இது அதுக்குப் பதிலா?"ன்னு தனக்குத்தானே கேக்கறாரு. இல்லைன்னா ஒரு அடி. அந்தப் பக்கமே போச்சு! என் கண்ணு முன்னாடியே ஒரு முழுப் பக்கத்தை அடிச்சுத் தள்ளினாரு. நானா இருந்தா எழுதினதுல ஒரு புள்ளியைக் கூட விட்டுத் தர மாட்டேன். அடிச்சுட்டு, "நல்ல டைல்ஸ்தான், இந்தச் சுவத்துக்கு ஒத்து வரல"ங்கறாரு. அந்த நேரம் பாத்து ஒரு கஸ்டமர் வேற உள்ள நுழைஞ்சு, பாத்ரூம்ல புருஷன் படிக்கறான், பொண்டாட்டி ஒளிஞ்சு நிக்கறா... வந்த வழியே போயிட்டாரு பாவம்.

கொப்பளிங்க. சட்டையில வழியுது, பரவால்ல, மரத்திருந்தா அப்படித்தான். சாய்ங்க... இப்ப அடைச்சிடலாம். நாக்கை அந்தப் பக்கம் வெச்சுக்கங்க.

கடைசி வருஷம் பெரிய கட்டுரை ஒண்ணு. அதுலதான் மொத்தமும் இருக்கு. அது கவுந்தா இதுவரைக்கும் வாங்கினதெல்லாம் கவுந்துடும். தலைப்பை அவங்களே தேர்ந்தெடுத்துக்கணும். இவரு எதை எடுத்தாரு தெரியுமா? பல்லு! அந்தக் காலத்துல சந்தையில உக்காந்து பல்லு புடுங்குவாங்களே, அவங்களைப் பத்தி. எனக்கு ஒரே சந்தோஷம். என் தொழிலாச்சே! இப்பவாவது என்னைக் கேட்டுத்தானே ஆகணும்? கேட்டாரு சார். எழுதி முடிச்சுட்டு கத்தையா கொண்டு வந்து வெச்சு, "படி. ஆனா திருத்தாத. எங்க உனக்குக் கொட்டாவி வருதோ அங்க ஒரு புள்ளி வை, போதும்"னாரு. முதல் ரேங்க் வாங்கினவளுக்குக் கொட்டாவி விடற வேலை!

கோவத்தோடதான் உக்காந்தேன். ஆனா பொய் சொல்லக் கூடாது... ஆறேழு எடத்துலதான் புள்ளி வெச்சேன். மத்ததெல்லாம்... இவரு எழுதினதுதானான்னு ரெண்டு மூணு தடவை மேல பேரைப் பாத்தேன். அவ்வளவு தெளிவு. சந்தைக்கு நடுவுல ஒரு நாற்காலி, சுத்தி வேடிக்கை பாக்கற கூட்டம், வலியில ஒருத்தன்... அந்த நாற்காலியில நானே உக்காந்த மாதிரி இருந்துச்சு. நான் தினம் அந்தப் பக்கம் நிக்கறவ சார். உக்காந்திருக்கறவனுக்கு எப்படி இருக்கும்னு இவரு எழுதித்தான் எனக்கு உறைச்சுது.

ஒரே ஒரு எடத்துல வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல. கூட்டம் கூட்டறதுக்காக முரசு அடிச்சாங்கன்னு எழுதியிருந்தாரு. கூட்டத்துக்கு மட்டுமில்லங்க, புடுங்கும்போது அவன் கத்தறது மத்தவங்க காதுல விழக் கூடாதேன்னும் அடிச்சிருப்பாங்கன்னு சொன்னேன். தொழில் தெரிஞ்சவ சொல்றேன்! அதுக்கு அவரு கேக்கறாரு... கட்டின பொண்டாட்டியைப் பாத்துக் கேக்கறாரு... "ஆதாரம்?"

அன்னிக்கு ராத்திரி நான் அவருக்குத் தோசை சுடல. சரி, ஒண்ணு கம்மியா சுட்டேன். அவரு லைப்ரரி லைப்ரரியா அலைஞ்சு தேடினாரு, அதையும் சொல்லணும். கிடைக்கல. கிடைக்கலைன்னா விட்டுட வேண்டியதுதானே? விடல. பக்கத்துக்கு அடியில பொடி எழுத்துல குறிப்புப் போடுவாங்க பாருங்க, அதுல, "முரசொலி அலறலை மறைக்கவும் பயன்பட்டிருக்கலாம் என்பது ஒரு பல் மருத்துவரின், அதாவது என் மனைவியின், கருத்து. இதற்கு எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை"ன்னு போட்டுட்டாரு! மொத்தக் கட்டுரையிலயும் நான் வர்ற ஒரே எடம் சார் அது. அதுலயும் ஆதாரம் இல்லாதவளா!

மார்க்கு எவ்வளவுங்கறீங்க? தொண்ணூத்தியொண்ணு. அந்த அடிக்குறிப்புக்குப் பக்கத்துல புரொபசர் அம்மா, "இந்த நேர்மை பிடித்திருக்கிறது"ன்னு எழுதியிருக்காங்க. கருத்து என்னுது, நேர்மை அவருதாம்!

பல்லை மெதுவா கடிங்க... உயரமா தெரியுதா? கொஞ்சம் தேய்ச்சு விடறேன்.

நேத்து சாயங்காலம் யுனிவர்சிட்டில அந்தக் கட்டுரைக்குப் பரிசு கொடுத்தாங்க. நான் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு முன்வரிசையில உக்காந்தேன். பொய் சொல்ல மாட்டேன், அவரு பேரைக் கூப்பிட்டப்போ கை சிவக்கத் தட்டினேன். கண்ணு வேற கலங்கிடுச்சு. அதோட விட்டிருக்கலாம். அந்தப் புரொபசர் அம்மா மேடையிலயே அவரைக் கேக்கறாங்க, "எவ்வளவு பெரிய குவியலைக் கொடுத்தாலும், அதுல முக்கியமான விஷயம் எதுன்னு டக்குனு பிரிச்செடுத்துடறீங்களே, இந்தப் பயிற்சி எங்க கிடைச்சுது உங்களுக்கு?"ன்னு. வாழ்நாள்ல மைக்கைத் தொடாத மனுஷன், அதை வாங்கி, என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு... "வீட்லதான். கல்யாணமானதுலேர்ந்து தினமும் சாயங்காலம் பயிற்சி நடக்குது."

கூடமே சிரிச்சுது சார்! மேடையில உக்காந்திருந்த வைஸ் சான்சலரு திரும்பிப் பாத்து எனக்கு ஒரு கும்பிடு போடறாரு! இது பாராட்டா, திட்டா? வர்ற வழியெல்லாம் கார்ல கேட்டேன், ராத்திரி கேட்டேன், காலையில பல்லு விளக்கும்போது கேட்டேன்... என்ன சொன்னாரு தெரியுமா? "நான் ஒரு வார்த்தையைக் கூடத் தவற விட்டதில்லைம்மா, அதைத்தான் சொன்னேன்." இதுக்கு மேல எப்படிச் சார் சண்டை போடறது?

அட, வாங்க வாங்க! சார், இவருதான் அவரு. ஏங்க, கடையைப் பூட்டிட்டீங்களா? இப்பதான் உங்களைப் பத்திப் பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தேன். பெருமையாத்தான்! சிரிக்காதீங்க. அந்த வைஸ் சான்சலரு கும்பிடு போட்டாரே, அதை நீங்களே சொல்லுங்க இவருக்கு... நான் கையைக் கழுவிட்டு வர்றேன். மேல படிக்கச் சொல்றாங்களாம் சார், அதுக்கு இவரு யோசிக்கறாராம். என்னத்துக்குங்க யோசனை? நான் இருக்கேன்ல? திருத்த மாட்டேன்பா, புள்ளி மட்டும் வெக்கறேன்... சார், ரெண்டு மணி நேரம் சூடா எதுவும் குடிக்காதீங்க, அப்புறம் அந்தப் பக்கம்...

எங்க போனாரு?

ஏங்க, இங்க உக்காந்திருந்தவரு எங்க? நீங்களா கதவைத் திறந்து விட்டீங்க? நான் கேட்டதுக்கு அவரு இன்னும் பதிலே சொல்லலையே! என்னது, ஜாடையா கேட்டாரா... உங்களுக்கும் ஜாடை புரிஞ்சுடுச்சு! நல்லா சேந்தீங்க ரெண்டு பேரும். எதுக்கு இப்ப அந்த நாற்காலியில ஏறி உக்கார்றீங்க? பல்லு வலிக்குதா? இல்லையா? பின்ன?

"சொல்லு"வா? எதைச் சொல்றது?

...சரி, கேளுங்க.