ஐந்தாவது கிளாஸ்

நவம்பர் மாதம், சாயங்காலம் ஐந்தே முக்கால். பார்ட்ஸ்டவுன் ஊரிலிருந்து எங்கள் விஸ்கி ஆலைக்கு வரும் சாலையில் கடைசி நான்கு மைலுக்கு வீடே கிடையாது. கிடங்குகளை ஒட்டிய மரங்கள் விஸ்கி ஆவி பட்டுக் கரி அப்பினதுபோல் கறுத்து நிற்கும். அந்தச் சாலையில்தான் லாய்டு தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான்...

இது எனக்கு நடந்ததில்லை. ஹீட்டருக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே வெர்னன், அவன் பெண்டாட்டி நோரீனின் அண்ணன்தான் லாய்டு.

"நீயே சொல்லு. எனக்கு வாய் வரல," என்றான் வெர்னன்.

"ஐஸ் மழை விடாம லாரி வராது. நிதானமா சொல்லுப்பா," என்றான் ஹாலிஸ். பாட்டில் நிரப்பும் பக்கத்தில் இருந்தவன். கிடங்குக்கு மாறிப் பத்து நாள்தான்.

அவனுக்காக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பீப்பாயை மரச்சட்டத்தின்மேல் உருட்டிவிடும்போது, அதன் வயிற்றிலுள்ள தக்கை எந்த மணியில் இருக்கிறது என்று கடிகாரம் பார்ப்பதுபோல் பார்த்து விடுவோம். உருண்டு போய் நிற்கும் இடத்தில் தக்கை பன்னிரண்டில், நேர் மேலே இருக்க வேண்டும். ஆறில் நின்றால் கீழே ஒழுகும். யாராவது சட்டத்துக்குள் நுழைந்து திருப்ப வேண்டும்.

அந்த நவம்பருக்குப் பதினோரு வருஷத்துக்கு முன்னால், தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கறி சாப்பிடாத நாள். லாய்டு உருட்டுகிறான். அவன் தம்பி எம்மெட் உள்ளே. கடைவாயில் எப்போதும் பெப்பர்மின்ட் மிட்டாய் அடக்கியிருப்பான் எம்மெட். வேலை முடிகிற அவசரத்தில் லாய்டு மணியைத் தப்பாக வைத்துவிட்டான். தக்கை ஆறில் போய் நின்றது. எம்மெட் திருப்பக் குனிந்தான். அடுத்த பீப்பாய் வந்துவிட்டது. கால் டன் எடை...

அவன் ஒரு சத்தமும் கொடுக்கவில்லை என்றான் லாய்டு. கொடுத்திருந்தால் பீப்பாயைப் பிடித்திருப்பேன் என்றான். எம்மெட் செத்தது அவன் கவனக்குறைவால்தான் என்று எழுதி முடித்தார்கள். அவர்கள் அம்மா அதை நம்பியே செத்துப்போனாள். அன்றிலிருந்து லாய்டுக்கு வாசனை தெரியாது. ருசியும் தெரியாது.

அந்த நவம்பரில் ஆலையில் பெரிய விருந்து. கண்ணாடிக் கூடம், பன்னிரண்டு விருந்தாளிகள், ஐந்து பதார்த்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு விஸ்கி.

"அவங்களுக்கு வாத்துக்கறி, நமக்குக் காஞ்ச ரொட்டி," என்றான் ஹாலிஸ்.



ஐந்தாவது கிளாஸ் மட்டும் நேராகப் பீப்பாயிலிருந்து. கிடங்கு ஆள் ஒருவன் செப்புக் குழாயை விட்டு எடுத்து ஊற்றினால் விருந்தாளிகளுக்குப் பிடிக்கும். அதற்குத்தான் அன்று சாயங்காலம் லாய்டைக் கூப்பிட்டிருந்தார்கள். மேலாளர் முன்னாலேயே ஒரு பீப்பாய் எண் கொடுத்தார். கிடங்கின் ஐந்தாம் மாடி. லாய்டு போய்ப் பார்த்தான்.

அந்த 'அடுத்த பீப்பாய்' அதுதான்.

வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெர்னனும் அவனும் இறக்கினார்கள். பதினோரு வருஷத்தில் பாதியாவது ஆவியாகப் போயிருக்க வேண்டும். தேவதூதர் பங்கு என்போமே, அது. ஆனால் இது நேற்று நிரப்பியதுபோல் கனத்தது.

"என்னடா மச்சான், கல்லா இருக்கு?" என்று கேட்டான் வெர்னன்.



முதல் நான்கு கிளாஸும் ஒழுங்காகப் போயின. வாயைக் கொஞ்சம் திறந்து முகருங்கள் என்று மேலாளர் சொல்லிக்கொடுத்தார். உப்புப் பன்றித்தொடையோடு முதல் கிளாஸ். வெனிலா என்றார்கள். வெந்த ஆப்பிள் என்றார்கள். கடைசியில் சாக்லேட் வந்தது. லாய்டு குழாயை விட்டு எடுத்து, பன்னிரண்டு பேருக்கும் ஊற்றினான்.

"பெப்பர்மின்ட்!" என்றார் ஒரு வழுக்கைத் தலைக்காரர். "சுத்தமான பெப்பர்மின்ட்!"

"ஈரத் தோல்... பழைய கையுறை மாதிரி."

"எனக்குச் செப்புக்காசை நாக்குல வெச்ச மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். லாய்டு குனிந்து முகர்ந்தான். ஒன்றுமில்லை. தண்ணீர்போல.

கடைசியில் சாம்பல் நிறப் பட்டு உடுத்திய ஒரு சீமாட்டி. கண்ணை மூடி, வாயைத் திறந்து முகர்ந்தாள்... பிறகு லாய்டின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அண்ணே, பொறு. கை உள்ள இருக்கு."

கண்ணைத் திறந்தாள். "உப்பு கொஞ்சம் தூக்கல், இல்ல?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டாள். மற்றவர்கள் சாக்லேட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

விருந்தாளிகள் போனபின் லாய்டு அளவுகோலைப் பீப்பாய்க்குள் விட்டான். கோல் மேல்முனை வரை நனைந்து வந்தது. பன்னிரண்டு கிளாஸ் எடுத்தும் குறையவில்லை. தக்கையை அடித்து இறுக்கினான். கூடத்தைப் பூட்டினார்கள்.

நேராக நோரீன் வீட்டுக்குப் போனான். வெர்னனும் வீட்டில்தான் இருந்தான். லாய்டு மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அவன் சத்தம் கொடுத்தான். 'அண்ணே, பொறு'ன்னான். எனக்குக் கேட்டுச்சு. கையை எடுத்துருவான்னு நெனச்சு பீப்பாயை விட்டுட்டேன்."

நோரீன் அழவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.

"அன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும் மீன் பொரிச்சு மூடி வெச்சிருந்தேன்," என்றாள். அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விடிந்ததும் பீப்பாயைத் திரும்ப ஏற்றுவதற்காக லாய்டும் வெர்னனும் போனார்கள். சாவி மேலாளரிடம்தான் இருந்தது. அவர் வந்துதான் திறந்தார். கூடத்தில் வாசனையே இல்லை. லாய்டுக்கு மட்டுமல்ல, யாருக்கும். லாய்டு பீப்பாயைத் தொட்டான். ஒரு விரலுக்கே அசைந்தது. காலி. பதினோரு வருஷத்துத் தேவதூதர் பங்கு, ஒரே ராத்திரியில்.

"தக்கையைச் சொல்லு," என்றான் வெர்னன், ஹீட்டரைப் பார்த்தபடியே.

தக்கை அடித்தது அடித்தபடி இறுகித்தான் இருந்தது. ஆனால் பன்னிரண்டில் இல்லை. ஆறில் இருந்தது. கீழே தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.